கணவாய்ப் பெட்டி

“ஸ்டிக்கர் வேண்டாம், அம்புறோஸ். உள்ளுக்கை கிடக்கிற படத்தைத்தான் எடுக்கவேணும்” என்றார் குலசேகரம்.

அம்புறோஸ் பெட்டியை ஒருமுறை சுற்றி வந்தான். ஆளுயரத்துக்கு ஒரு பழைய வீடியோ கேம் பெட்டி. ஒரு காலத்தில் கபேக்களில் காசு போட்டு விளையாடியது. எல்லாப் பக்கமும் கரும்பச்சைப் பெயின்ற், அதுவும் கடைக் கதவுக்கு அடிக்கிற தடித்த பெயின்ற். கண்ட பாட்டுக்கு வழிந்து காய்ந்திருந்தது. அடித்தவர் கோபத்தில் அடித்திருக்க வேண்டும்.

லாச்சப்பலில் ஒரு புடைவைக்கடையின் நிலவறையில்தான் அம்புறோஸின் பட்டறை. மன்னாரில் படகுகளுக்குப் பெயின்ற் அடித்தவன், பாரிசில் இப்படியான பெட்டிகளைப் புதுப்பித்துச் சீவித்தான். என்ன விளையாட்டென்று தேடிப் பிடித்து அதே படத்தை அச்சடித்து ஒட்டினால் இரண்டு நாளில் வேலை முடியும், வித்தியாசம் தெரியாது என்று எடுத்துச் சொன்னான். சுரண்டப் போனால் ஒரு மாதம் இழுக்கும். மேலே இருப்பதோடு கீழே இருப்பதும் சேர்ந்து வந்துவிடலாம்.

“என்ரை மகன் கண்டுபிடிச்சிடுவான். அவன் இந்தப் படத்துக்கு முன்னாலை வளர்ந்தவன்.”

“மகன் எங்கை இருக்கிறார், அண்ணை?”

“லியோனிலை. மாரிக்குள்ளை வீட்டை வருவான். அதுக்கு முதல் முடிச்சுத் தாரும்.”

தினமும் வந்து ஸ்டூலில் உட்கார்ந்துகொள்வார். அம்புறோஸ் சூடான காற்றடித்துப் பெயின்றை இளக்குவான். அவர் பிளாஸ்ரிக் தகட்டால் மெல்ல மெல்லச் சுரண்டுவார். தான் பூசியதைத் தானே சுரண்ட வேண்டும் என்று பிடிவாதம். சுரண்டச் சுரண்டத்தான் கதையும் வந்தது.

2009 வைகாசி. ஊரிலிருந்து வந்ததெல்லாம் சாவுச் செய்தி. நாள் முழுக்க ஆர்ப்பாட்டத்தில் கத்தித் தொண்டை கட்டி வீடு திரும்பியவர், ஹோலில் மகன் கிருஷிகன் சிரித்துக்கொண்டு இந்தப் பெட்டியில் சுட்டுத் தள்ளுவதைக் கண்டார். அங்கே சனம் செத்துக்கொண்டிருக்க இங்கே உனக்குச் சுடுகிற விளையாட்டோ என்று பதினெட்டு வயதுப் பிள்ளையைக் கை நீட்டி அடித்துவிட்டார். அன்றைக்கே பெயின்ற் வாளியோடு வந்து பெட்டியை மூடினார். அன்றைக்கே பையைத் தூக்கிக்கொண்டு அவனும் வெளிக்கிட்டான். தாய் மட்டும் லியோனுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருவாள். தகப்பனோடு ஐந்து வருடமாக ஒரு சொல் இல்லை.

“தம்பி அப்பிடி என்னத்தைச் சுட்டவர்?”

“தெரியாது. நான் ஒருநாளும் நிண்டு பாக்கேல்லை.”

பச்சைக்குள்ளிருந்து முதலில் ஒரு நீலக் கால் வந்தது. பிறகு இன்னொன்று. பிறகு ஒரு கப்பலைச் சுற்றிப் பிடித்திருந்த பெரிய உருவம் ஒன்று, இரண்டு முட்டைக் கண்ணோடு. கடற்கரையில் வளர்ந்த அம்புறோஸுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

“இது கணவாய் அண்ணை! கறிக்குப் போடுற கணவாய்!”

குலசேகரம் தகட்டைக் கீழே வைத்துவிட்டார். “கணவாயையோ சுட்டவன்?” என்று கேட்டார். பிறகு முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். பார்க்கப் பாவமாக இருந்தது.

மேலிருந்து தேநீரும் ரோல்சும் எடுப்பித்தான் அம்புறோஸ். அவர் தொடவில்லை. வந்த நாளிலிருந்தே அவர் தண்ணீரைத் தவிர வேறெதையும் வாயில் வைத்து அவன் கண்டதில்லை. தாடி வளர்ந்து, ஆளும் வற்றிக்கொண்டு வந்தார். கௌரி விரதமோ என்று கேட்டதற்கு, ஓம், அப்படித்தான் என்றார். அது முடிந்த கையோடு கந்தசட்டி வந்தது. சைவக்காரருக்கு விரதத்துக்கா பஞ்சம், எங்களுக்கு ஒரு தவக்காலம் தாண்டவே நாக்குத் தள்ளுகிறது என்று அம்புறோஸ் பகிடி விட்டான். அவரும் சிரித்தார்.

ஆனால் அவனுக்கு உள்ளூரக் கவலைதான். இவ்வளவு பாடுபட்டும் மகன் வராமல் போனால் இந்த மனிதர் உடைந்துபோவார்.

“தம்பி வாறனெண்டு ஃபோன் எடுத்தவரோ?”

“இல்லை.”

“பிறகு எப்பிடி அண்ணை...”

“வருவான். அதிலை எனக்குச் சந்தேகமில்லை. படம் ரெடியா இருக்கவேணும், அவ்வளவுதான்.”

கந்தசட்டி முடிந்த பிறகு அவர் வருவது நின்றது. ஃபோனையும் எடுக்கவில்லை. விரதத்தை முடிக்க எந்தக் கோயிலுக்குப் போனாரோ என்று நினைத்துக்கொண்டு, உரிந்த இடங்களுக்கு நிறம் பார்த்துப் பார்த்து வைத்து அம்புறோஸ் படத்தை முடித்தான்.

ஒருநாள் புதுக் குரல் ஒன்று அழைத்தது. பாதி பிரெஞ்சு, பாதி தமிழ். பெட்டியைச் சனிக்கிழமை பொண்டியிலுள்ள வீட்டுக்குக் கொண்டுவர முடியுமா என்று கேட்டது.

“நீர் ஆர் கதைக்கிறது?”

“கிருஷிகன்.”

அம்புறோஸின் வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. கிழவர் ஏமாறவில்லை.

சனிக்கிழமை இன்னொருவனைப் பிடித்துப் பெட்டியை ஏற்றிக்கொண்டு போனான். வீட்டு வாசலில் கால் வைக்க இடமில்லாமல் செருப்பும் சப்பாத்தும். மகன் வந்த சந்தோஷத்தில் ஊரையே கூப்பிட்டு விருந்து வைக்கிறாராக்கும் என்று நினைத்தான்.

கதவைத் திறந்த இளைஞனுக்குக் குலசேகரத்தின் மூக்கு அப்படியே இருந்தது. அவன் வந்தவர்களைப் பார்க்கவில்லை, பெட்டியைத்தான் பார்த்தான். குனிந்து, கணவாயின் காலொன்றை விரலால் தடவினான்.

“அப்பா உம்மை நம்பினவர், தம்பி. நீர் கட்டாயம் வருவீர் எண்டு சொல்லிச் சொல்லித்தான் என்னட்டை வேலை வாங்கினவர். எங்கை ஆள்?” என்றான் அம்புறோஸ்.

கிருஷிகன் படத்திலிருந்து கையை எடுக்கவில்லை.

“வீட்டை விட்டுப் போகேக்கை நான் அவருக்கு ஒண்டுதான் சொன்னனான், அங்கிள். ‘இனி உங்கடை செத்தவீட்டுக்குத்தான் வருவன்’ எண்டு.”