இந்தத் திரையின் மஞ்சள்

பார்வை மங்கிய பிறகு சேந்தன் நாளைக்குத்தான் முதன்முறையாகத் தனியே பேருந்தில் போகப் போகிறான். கறுப்பின் மேல் பெரிய மஞ்சள் மட்டும்தான் அவன் கண்ணுக்கு எட்டும். அதனால் அவன் மனைவி எழிலி அவனுக்கென்றே ஒரு செயலி எழுதினாள். கறுப்புத் திரையின் நடுவில் ஒரே ஒரு மஞ்சள் பொத்தான். தொட்டால் அவளுடைய போன் அடிக்கும்.

“தெரியுதாங்க?”

“தார் ரோட்டைக் கையில குடுத்த மாதிரி இருக்கும்மா.”

எட்டிப் பார்த்தாள். பொத்தான் இருந்தது, சின்னதாக, சாம்பல் நிறத்தில். நிரலில் அதை உருவாக்கும் வரியில், பொத்தான் எதைச் சேர்ந்தது என்று கேட்ட இடத்தில், மொத்தச் செயலியையும் கொடுத்திருந்தாள். மஞ்சளோ இந்தத் திரைக்கு மட்டும் அவள் வைத்த நிறம்; அது பொத்தானுக்கு வந்து சேரவில்லை. ஊரைச் சொல்லி வீட்டைச் சொல்லாமல் அனுப்பிவிட்ட பிள்ளையைப் போல பொத்தான் நின்றுகொண்டிருந்தது.

“பாவம்” என்று முணுமுணுத்து, அந்த இடத்தில் ‘இந்தத் திரை’ என்று மாற்றி, செயலியை மறுபடி அவன் போனில் ஏற்றினாள்.

சேந்தன் போனை மூக்கருகே கொண்டுபோனான். அவன் முகத்தில் மஞ்சள் படர்ந்தது. விரல் தயங்காமல் இறங்கியது. அவள் மடியில் போன் அடித்தது.

“ஹலோ, எங்க இருக்கீங்க?”

“வீட்லதான். இன்னும் கிளம்பல.”

தோளோடு தோள் உரச உட்கார்ந்திருந்தார்கள். இருவருமே அழைப்பைத் துண்டிக்கவில்லை.