முயல் படம் போட்ட கேன்

காலை ஒன்பது பத்துக்கு ஸ்டோர் வாசலில் பன்னிரண்டு கேன்கள் வந்து இறங்கின. கையெழுத்துப் போட்டு வாங்கியவர் முயலார்.

பெற்றவர்கள் வைத்த பெயர் அல்ல அது. அந்த இன்சூரன்ஸ் ஆபீசின் ஸ்டோர் கீப்பர் அவர். துடைத்துப் பெருக்கும் வேலையும் அவர் பொறுப்பில்தான். ஆசிட், பினாயில் இனி வேண்டாம், செடிகொடியிலிருந்து எடுத்த திரவம்தான் வேண்டும், அதுவும் எந்த விலங்கின் மேலும் சோதித்துப் பார்க்காததாக, அதற்கு அடையாளமாக முயல் படம் போட்டதாக இருக்க வேண்டும் என்று எட்டு மாதத்துக்கு முன் எழுதிக் கொடுத்து அனுமதி வாங்கினார். மறுநாளே மூன்று மாடியும் அவருக்குப் பெயர் வைத்துவிட்டது.

மேனேஜருக்கும் திருப்திதான். கேனைக் கையில் பிடித்தபடி அவர் நிற்கும் போட்டோ தலைமை அலுவலகப் பத்திரிகையில் வந்தது.

ஒன்பது நாற்பதுக்கு மேனேஜர் முயலாரைக் கூப்பிட்டார். அறையில் ஹெட் கிளார்க் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார்.

“நீங்க பார்த்ததை இவர் எதிர்லயே சொல்லுங்க” என்றார் மேனேஜர், ஹெட் கிளார்க்கிடம்.

“ஞாயித்துக்கிழமை கடைத்தெருவுல பார்த்தேன் சார். இவர் பை நிறைய ஆசிட் பாட்டில். ரெண்டு பினாயில். ஒண்ணுலயும் முயலும் இல்ல, அணிலும் இல்ல.”

“உண்மையா?”

“உண்மைதான் சார்” என்றார் முயலார். “வீட்டுக்கு.”

“ஆபீசுக்கு முயல், வீட்டுக்கு ஆசிட்டா?”

“எங்க வீட்ல பாத்ரூம் கழுவுறது நான்தான் சார்.”

“யார் கழுவுறாங்கன்னு நான் கேட்டேனா?”

ஹெட் கிளார்க் சிரித்துவிட்டார். “இன்னொண்ணு சார். முன்னெல்லாம் உள்ள நுழைஞ்சாலே கழுவின வாசனை குப்புனு அடிக்கும். இப்ப ஒரு வாசனையும் கிடையாது. துடைச்சாங்களா, சும்மா தண்ணியைத் தெளிச்சிட்டுப் போனாங்களா, யார் கண்டது? துடைக்கிற அக்கா முன்னாடி மூக்குல துணியைக் கட்டிக்கிட்டு மாங்கு மாங்குனு தேய்ப்பாங்க. இப்ப பாட்டுப் பாடிக்கிட்டுத் தேய்க்கிறாங்க. இது வேலையா, கச்சேரியா?”

“தரை அழுக்கா இருக்கா?” என்று கேட்டார் முயலார்.

“அழுக்கு இல்ல. ஆனா சுத்தமா இருக்கிற மாதிரியும் இல்லையே!”

மேனேஜர் பேனாவை மூடினார். “நேராவே கேக்கிறேன். அந்தக் கம்பெனிக்காரன் உங்களை ஏதாவது கவனிக்கிறானா?”

“இல்ல சார்.”

“அப்ப முயல் மேல அவ்வளவு பாசமா?”

முயலார் கொஞ்சம் யோசித்தார். “பாவம்தானே சார், வாயில்லாத ஜீவன்.”

“நம்புற மாதிரி இல்ல. திங்கட்கிழமையிலேருந்து பழைய பினாயிலே வரட்டும். நீங்க குடோனுக்குப் போயிடுங்க.”

குடோன் பதினெட்டு கிலோமீட்டர் தள்ளி இருந்தது. இரண்டு பஸ் மாற வேண்டும். முயலாருக்கு முழங்கால் வலி வேறு.

“நான் போறேன் சார். கேனை மட்டும் மாத்தாதீங்க.”

“ஏன்?”

“பத்திரிகையில உங்க போட்டோ வந்திருக்கு. மேலேருந்து யாராவது வந்து, முயல் எங்கன்னு கேட்டா நீங்கதான் பதில் சொல்லணும். போட்டோல நான் இல்ல.”

மேனேஜர் சுவரைப் பார்த்தார். அந்தப் போட்டோ சட்டம் போட்டு மாட்டியிருந்தது.

“சரி, கேன் இருந்துட்டுப் போகட்டும். நீங்க கிளம்புங்க. ஸ்டோரை ஹெட் கிளார்க் பார்த்துக்குவார்.”

வராந்தாவில் துடைக்கிற அக்கா மாப்பைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார்.

“என்ன சார் ஆச்சு? எனக்கு இன்னும் ஒரு வருஷம்தான் பாக்கி. அது முடிஞ்சாத்தான் பென்ஷன்.”

“தெரியும்மா. கேன் இருக்கும். நான்தான் இருக்க மாட்டேன்.”

“என்னாலயா சார்?”

“முயலால” என்றார் அவர்.

திங்கட்கிழமை ஹெட் கிளார்க் ஸ்டோர் மேசையின் இழுப்பறையை ஒழித்தார். எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு உறை. உள்ளே ஆபீஸ் டாக்டர் எழுதிய இரண்டு சீட்டுகள். இரண்டிலும் ஒரே வாசகம்: ‘நுரையீரல் பாதிப்பு. ஆசிட், பினாயில் நெடி ஆகாது.’

முதல் சீட்டு, மூன்று வருடத்துக்கு முன் அங்கே துடைத்துக்கொண்டிருந்த பெண்ணுடையது. ‘மேனேஜர் பார்வைக்கு’ என்று முயலார் எழுதி அனுப்பியிருந்தார். அதற்குக் கீழே மேனேஜரின் கையெழுத்து: ‘வேலைக்குத் தகுதி இல்லை. நீக்கவும்.’

இரண்டாவது சீட்டு இப்போது துடைக்கிற அக்காவுடையது. அது யார் பார்வைக்கும் போகவில்லை. தேதியைப் பார்த்தார். முயல் வேண்டும் என்று முயலார் எழுதிக் கொடுத்ததற்கு முதல் நாள்.

மாடிப்படியில் பாட்டுக் கேட்டது. ஹெட் கிளார்க் உறையை எடுத்த இடத்திலேயே வைத்துப் பூட்டினார்.

பதினோரு மணிக்குப் பழைய பினாயில் கம்பெனியின் ஆள் பையும் சிரிப்புமாக வந்தார்.

“இனிமே இங்க நீங்கதானாமே சார்? புதுச் சரக்கு வந்திருக்கு. வாசனை ஆளைத் தூக்கும்!”

“முயல் படம் இருக்கா?” என்று கேட்டார் ஹெட் கிளார்க்.

“எதுக்கு சார் அதெல்லாம்?”

“இல்லேன்னா கிளம்புங்க.”

சாயங்காலத்துக்குள் மூன்று மாடியும் அவரைச் சின்ன முயலார் என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டது.

அடுத்த வருடம் மே 31 அன்று துடைக்கிற அக்கா, ஒரு நாள் கூடக் குறையாமல், வயது முடிந்து ஓய்வு பெற்றார். வழியனுப்பும் கூட்டத்தில் மேனேஜர் முயல்களைப் பற்றி ஒன்பது நிமிடம் பேசினார்.