கதவில்லாத அறைகள்

பெனிட்டா பத்து வருஷம் நிஜ வீடுகளுக்கு உள்ளலங்காரம் செய்தவள். இப்போது ஒரு செயலிக்காக, கண்ணில் மெய்நிகர்க் கண்ணாடி மாட்டினால் மட்டும் தெரிகிற அறைகளை வடிவமைக்கிறாள். ஜன்னலில் கடல் வைக்கலாம், கூரையில் மழை வைக்கலாம். கதவு மட்டும் கூடாது. கதவைப் பார்த்தால் ஆட்கள் எழுந்து போய்விடுகிறார்களாம்.

அவள் கணவன் ஆன்றோ நாளெல்லாம் அந்த அறைகளிலேயே கிடந்தான். அவளுக்கோ இருப்புக்கொள்ளாது.

"வாங்க, கடைத்தெரு வரைக்கும் போயிட்டு வரலாம்."

"இங்க இல்லாதது அங்க என்ன இருக்கு?" என்பான், கண்ணாடியைக் கழற்றாமலே.

அன்று காலை புது அறை வெளியானது. சற்று நேரத்தில் மேலாளர் போனில் கத்தினார்.

"என்ன மேடம் பண்ணி வச்சிருக்கீங்க? ரூம்ல கதவு இருக்கு! எல்லாரும் கிளம்பிப் போறாங்க!"

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. எந்த அறை என்றாலும் முதல் கோடு கதவுக்குத்தான் போடுவாள். பழைய கைப்பழக்கம், இந்த முறை அழிக்க மறந்திருக்கிறாள்.

"இதோ எடுத்துடறேன் சார்" என்றவள் திரும்பிப் பார்த்தாள்.

நாற்காலியில் ஆன்றோவின் கண்ணாடி மட்டும் கிடந்தது. வாசல் கதவு விரியத் திறந்திருந்தது.

மேலாளர் கத்திக்கொண்டே இருந்தார். பெனிட்டா தன் செருப்பைத் தேடினாள்.