ஒற்றைத் தும்மல்

முகமூடியைக் கழற்றினாள்.

கழற்றக் கூடாது. அந்த மரத்தின் தூசி பட்டால் அவளுக்குக் கண் வீங்கும், மூச்சு இழுக்கும். போன மாதம்தான் டாக்டர் கண்டித்து அனுப்பியிருந்தார். இத்தனை வருடமாகக் கிட்டார் செய்கிறாள், வேறு எந்த மரமும் அவளை ஒன்றும் செய்ததில்லை. ஆசைப்பட்ட மரம்தான் ஆகவில்லை.

ஆனாலும் கழற்றினாள்.

குன்னூர் தேயிலைத் தொழிற்சாலையின் பின்புறம், பாய்லர் கொட்டகையில் விறகு மலையாகக் குவிந்திருந்தது. வெள்ளைக்காரன் ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்து நட்டுவிட்டுப் போன மரங்கள். சோலைக்காட்டை விழுங்குகின்றன என்று வெட்டித் தள்ளியவை. ஊரில் எல்லாவற்றுக்கும் ஒரே பெயர், சீகை.

எல்லாம் ஒன்றில்லை. அதில் ஒரு ஜாதி பிளாக்வுட். பிறந்த நாட்டில் அதைக் கிட்டாருக்கென்று தேடித் தேடி எடுக்கிறார்கள். இங்கே அது தேயிலை காய வைக்கிறது.

பட்டை உரிந்து, வருடக்கணக்கில் கிடந்து, எல்லாக் கட்டையும் ஒரே சாம்பல் நிறம். கண்ணுக்குப் பிடிபடவில்லை. மூக்குக்குத் தெரியும். அந்த மரம் ஆகாத அவள் மூக்குக்கு மட்டும்.

தொழிற்சாலை முதலாளி கொடுத்த உத்தரவு ஒரே ஒரு கட்டைக்கு. அதுவும் அடுப்புக்குள் போவதற்கு முன்னால்.

அடுப்பு எரிக்கிற மருதை யாருக்காகவும் நிற்கிற ஆளில்லை. நாலைந்து கட்டையை நெஞ்சோடு சேர்த்து அள்ளுவார், அடுப்பு வாய்க்குள் தள்ளுவார், திரும்பி வருவார். அவள் கத்தியால் சுரண்டி முகர்ந்துகொண்டே போனாள். ஒன்றுமில்லை. குவியல் பாதியாகிவிட்டது.

மருதை அடுத்த சுமையோடு அவளைக் கடந்தார்.

தும்மினாள்.

மருதை நின்றார்.

"ஒத்தத் தும்மலுங்கம்மா. ஆகாது."

சுமையைத் தொப்பென்று கீழே போட்டார். துண்டை உதறி விரித்து உட்கார்ந்தார். சொம்பிலிருந்து தண்ணீர் குடித்தார். உள்ளேயிருந்து சூப்பர்வைசர் சூடு இறங்குகிறது என்று கத்தினார். மருதை அசையவில்லை. சகுனத்துக்கு முன்னால் சூப்பர்வைசர் எம்மாத்திரம்.

இன்னொரு தும்மல் வந்தால் தோஷம் தீர்ந்துவிடும். எழுந்துவிடுவார்.

அதுவும் மூக்கு நுனிக்கு வந்து நின்றது.

ஒரு கையால் மூக்கை இறுக்கிக்கொண்டு, மண்டியிட்டு, மறு கையால் அவர் போட்ட கட்டைகளைச் சுரண்டினாள். முதல் கட்டை வெளுப்பு. அடுத்தது செங்கல் நிறம். அதற்கடுத்ததில் கத்தி பட்ட இடம் பழுப்பாகத் திறந்தது.

எச்சில் தொட்டுத் தேய்த்தாள்.

மரத்தின் ரேகை அடியிலிருந்து வரி வரியாக எழுந்து வந்தது. தலையைச் சாய்த்துப் பார்த்தால் வரிகளும் சாய்ந்தன. அடடா! எத்தனை முறை பார்த்தாலும் புதிதாகப் பார்க்கிற மாதிரிதான். விரல் முட்டியால் தட்டினாள். கட்டை மறுமுனை வரைக்கும் பதில் சொன்னது. பலகையாக அறுத்துப் புத்தகம் போல விரித்தால், ஒரு கிட்டாரின் முதுகு.

அழுதாள். வீங்கிய கண்ணில் அது தனியாகத் தெரியவில்லை.

கட்டையை மடிக்கு இழுத்துக்கொண்டு, அடக்கி வைத்திருந்த தும்மலை விட்டாள்.

"நூறாயுசு," என்று மருதை எழுந்தார்.

இந்த மரத்தைத் தொடுவது இதுதான் கடைசி என்று கணவனிடம் சொல்லிவிட்டு வந்திருந்தாள். போன தடவையும் அதையேதான் சொன்னாள்.

மருதை மீதிக் கட்டைகளை உள்ளே தள்ளிவிட்டு வந்து, அடுத்த சுமையை அள்ளினார். முகமூடியை மாட்டப் போனவளுக்கு மூக்கு மறுபடி அரித்தது.

அந்தச் சுமையில் இன்னொன்று இருக்கிறது.

ஒரு கட்டை என்றுதான் பேச்சு. தொழிலில் பேச்சு மாறுவது அவளுக்குப் பழக்கமில்லை. அரிப்பை விழுங்கிக்கொண்டு, மடியிலிருந்ததைத் தடவிக்கொண்டு, அந்தச் சுமையையே பார்த்தாள்.

அடுப்பு வாய் வரை போன மருதை திரும்பினார். அவள் கண்ணைப் பார்த்தார். அவள் மடியைப் பார்த்தார். தன் நெஞ்சோடு இருந்த கட்டைகளைப் பார்த்தார்.

பிறகு தும்மினார். ஒரே ஒரு தும்மல். அதுவும் சுமாரான தும்மல்.

கட்டைகளை இந்தத் தடவை போடவில்லை. ஒவ்வொன்றாக அவள் முன்னால் இறக்கி வைத்தார். துண்டை உதறி விரித்து உட்கார்ந்தார்.