குளிப்பாட்டிய எருமை

பெட்டியைத் திறந்ததும் எல்லோரும் வாய்விட்டுச் சிரித்தோம்.

உள்ளே எங்கள் வெண்கல எருமை தகதகவென்று மின்னிக்கொண்டிருந்தது. அனுப்பும்போது பாசி பிடித்த படித்துறைக் கல் மாதிரிப் பச்சையாக இருந்த எருமை அது.

“வெளிநாட்டுலயே பொண்ணு பாத்து நிச்சயம் பண்ணி அனுப்பிட்டாங்கடோய்!” என்றார் ஃபெங் அண்ணன், வாயில் அடக்கிய பாக்கோடு.

ஃபெங் அண்ணன் எங்கள் அருங்காட்சியகத்தில் பழைய வெண்கலங்களைப் பழுது பார்ப்பவர். நான் கீழ்த்தளக் கிடங்கைப் பார்த்துக்கொள்கிறவள்.

சிரிக்காமல் என்ன செய்வது? அது நகல்தானே.

அசல் மேல்தளத்தில், குண்டு துளைக்காத கண்ணாடிக்குள் நிற்கிறது. மூவாயிரம் வருஷத்து எருமை. வயலில் கால்வாய் வெட்டும்போது மண்வெட்டியில் இடறியது. அதன் மேல் படிந்த பச்சைக் களிம்புதான் அதன் தோல், அதுதான் அதன் வயது என்று ஃபெங் அண்ணன் ஓயாமல் சொல்வார். களிம்பு துளியும் உதிராமல் ஊசிமுனையால் மண்ணை மட்டும் எடுத்து எடுத்தே அவர் கண் கெட்டது.

அசல் நாட்டை விட்டுப் போகவே கூடாது. வெளிநாட்டுக் கண்காட்சிக்கு அனுப்பத் தடையுள்ள பொருள்களில் அதையும் சேர்க்கச் சொல்லி, எங்கள் தலைவி துவான் மேடம் பெய்ஜிங்குக்கு நடையாய் நடந்தார். அந்தத் தடை உத்தரவு கிடைத்த அன்று, “நான் உசுரோட இருக்கறவரைக்கும் இது கடல் தாண்டாது” என்று டிவியில் அழுதே விட்டார். மீறி அனுப்பினால் சிறைதான்.

அதனால், ஏதோ ஒரு வெளிநாட்டுக் குழந்தைகள் அரங்கம் கேட்டபோது நகலை அனுப்பினோம். கிடங்கு அலமாரியில் முன்னும் பின்னுமாக இரண்டு நகல்கள் இருந்தன. வெளிநாட்டுக்குப் போகிறதே, நம் ஊர் மானம் என்னாவது என்று, இரண்டில் லட்சணமாக இருந்ததை எடுத்துப் பழைய போர்வையில் சுற்றி அனுப்பினேன். ஃபெங் அண்ணன் அப்போது கண் அறுவைக்குப் போயிருந்தார். துணைக்கு ஆளும் போகவில்லை, காப்பீடும் இல்லை. தாராளமாகத் தொட்டு விளையாடலாம் என்றும் சொல்லிவிட்டோம்.

நன்றி சொல்லி ஒரு வீடியோ வந்திருந்தது. கைபேசியில் போட்டுக் காட்டினேன்.

கடைசி நாளன்று எருமையைக் குளிப்பாட்டும் விழாவாம். பிள்ளைகள் ஏதோ பசையும் துணியுமாகச் சுற்றி நின்று தேய் தேயென்று தேய்க்கிறார்கள். ஒரு சின்னப் பெண் அதன் காதுக்குள் விரலை விட்டுக் குடைகிறாள். பச்சை போகப் போகக் கைதட்டல்.

“நம்மூர்ல நெஜ எருமையக்கூட எவனும் இவ்ளோ அக்கறையாக் குளிப்பாட்ட மாட்டான்” என்றார் ஃபெங் அண்ணன். மறுபடி சிரித்தோம். எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

அலமாரியில் வைப்பதற்காகத் தூக்கினேன். அசலோடு கலந்துவிடக் கூடாது என்று நகல்களின் அடிவயிற்றில் சிவப்பு மையால் ஒரு பொட்டு வைத்திருப்போம். அனுப்பும்போது நான் பார்க்கவில்லை. நகலைப் போய் யார் புரட்டிப் பார்ப்பார்கள்?

இப்போது புரட்டினேன். அடிவயிறும் மின்னியது.

பொட்டு இல்லை.

ஃபெங் அண்ணன் பாக்கு மெல்வதை நிறுத்தினார்.

“மைதானே. அதையும் சேத்துத் தேச்சிருப்பாங்க. அசல்தான் மேல இருக்கே.”

ஆமாம், மேலே இருக்கிறது. இன்று காலைகூடப் பார்த்தேன். அவர் அதையே இன்னொரு தடவை சொன்னார். நான் போர்வையை விரித்து எருமையை அதன்மேல் இறக்கி வைத்தேன்.

சிரிப்புச் சத்தம் கேட்டு, தேநீர்க் குடுவையும் கையுமாகத் துவான் மேடம் இறங்கி வந்தார். “என்னடி கூத்து இங்க?” என்றபடியே வந்தவர் எருமையைப் பார்த்தார்.

அவர் சிரிக்கவில்லை.

“முன்னால இருந்ததத்தான எடுத்த?” என்றார்.

இரண்டு நகலில் எதை எடுத்தால் என்ன? ஏன் இப்படிக் கேட்கிறார் என்று எனக்குப் புரியவில்லை.

“இல்ல மேடம், பின்னால இருந்தது. அதுதான் பாக்க லட்சணமா இருந்துச்சு.”

குடுவை கை நழுவி விழுந்தது. தேயிலை தரையெல்லாம் சிதறியது. மேடம் சுவரைப் பிடித்துக்கொண்டே கீழே உட்கார்ந்தார்.

“மேல கூட்டம், வெளிச்சம், எவன் எப்ப உடைப்பான், எவன் எப்ப திருடுவான்னு எனக்குத் தூக்கமே இல்ல. போன வசந்த விழாவுல நானேதான் அசல இங்க பின்னால மாத்தி வச்சேன். நகல்னு நெனச்சா ஒருத்தனும் கை வைக்க மாட்டான்னு...”

மேலே கண்ணாடிக்குள் நிற்பதை யாரும் போய்ப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டியிருக்கவில்லை.

ஃபெங் அண்ணன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். மின்னும் முதுகருகே முகத்தைக் கொண்டுபோய்ப் பார்த்தார். கொம்பிடுக்கைப் பார்த்தார், குளம்புப் பிளவைப் பார்த்தார். பிறகு, எங்கேயாவது கொஞ்சம் பச்சை மிஞ்சியிருக்காதா என்று அதன் காதுக்குள் சுண்டுவிரலை விட்டார்.

அந்தச் சின்னப் பெண் அங்கேயும் விட்டுவைக்கவில்லை.