நெஞ்சுப் படம்

“நாலு நாளாச்சு, அக்கா. ரெண்டு தரம் ஆள் அனுப்பினோம். ஏன் ஆஸ்பத்திரிக்கு வரல?”

டயகமத் தேயிலைத் தோட்டத்தில், காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்தில், கொழுந்து பறிக்கப் போக நின்ற பெண்கள் நடுவே நாகலெட்சுமியைப் பிடித்துவிட்டாள், ஆஸ்பத்திரி ஜீப்பில் வந்த தாதி கேத்ரின்.

“எனக்கு ஒண்ணுமில்லைங்க, மிஸ். அதான் வரல.”

கேத்ரின் அவளைத் தள்ளி அழைத்துப் போய், போனில் படத்தைக் காட்டினாள். போன வாரம் எக்ஸ்ரே வண்டி வந்து எடுத்த படம். வலது நுரையீரலின் மேல்பக்கம், பஞ்சு ஒட்டியதுபோல் ஒரு வெண்மை. கீழே நாகலெட்சுமியின் பெயர்.

“எடுத்த உடனே கம்பியூட்டரே பார்த்து வட்டம் போட்டிருக்கு. காசநோயா இருக்கலாம். அது பொய் சொல்லாது, அக்கா.”

“நானும் சொல்லல, மிஸ்.”

பின்னால் வந்து எட்டிப் பார்த்த கங்காணி அழகுமுத்துவின் காதில் இது விழுந்துவிட்டது.

“காசமா? எல்லாரும் தள்ளி நில்லுங்க! இனி இவ மலையில கால் வைக்கக் கூடாது. லயத்து வீடுகளோட பொதுப் பைப்புல தண்ணி புடிக்கக் கூடாது.”

“தண்ணியில இது பரவாதுங்க,” என்றாள் கேத்ரின்.

“உங்களுக்குத் தெரியாது, மிஸ். ஒழுங்கான குடும்பத்துக்கு இந்தச் சீக்கு வராது.”

பெண்கள் பின்வாங்கினார்கள். ஒருத்தி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். நாகலெட்சுமி கூடையை முதுகில் இறுக்கினாள்.

“பைப்புலதான் புடிப்பேன். மலைக்கும் போவேன். யாரு தடுக்கிறான்னு பாக்கிறேன்.”

“திமிரைப் பாரு! நெஞ்சே அழுகிக் கெடக்கு, வாய் மட்டும் குறையல.”

அவள் கேத்ரின் பக்கம் திரும்பினாள்.

“மிஸ், இது மருந்துக்குக் கேக்குமா?”

“ஆறு மாசம் ஒழுங்கா மாத்திரை போட்டா முழுசா குணமாயிரும். இப்படியே விட்டா உசுருக்கே ஆபத்து.”

நாகலெட்சுமி கூடையை இறக்கி வைத்தாள். பிறகு அழகுமுத்துவை நேராகப் பார்த்தாள்.

“யார்கிட்டயும் சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணியிருந்தேன். உசுருன்னா சத்தியமாவது ஒண்ணாவது. ஜீப்பை இப்பவே மேல் லயத்துக்கு விடுங்க, மிஸ். அன்னிக்கு அந்த எக்ஸ்ரே வண்டியில நான் ஏறவே இல்ல. புருஷன் அடிப்பாருன்னு பயந்து, என் பேரைச் சொல்லிப் படம் எடுத்துக்கிட்டது கங்காணி சம்சாரம்.”