பெயர் இல்லாத மன்றாட்டு

"பேர் சொல்ல முடியாத ஒரு ஆத்துமாவுக்காக ஆண்டவரை மன்றாடுவோம்."

காசிமீரோ எழுந்து நின்று இதைச் சொன்னதுமே பெண்கள் வரிசையில் ஒரு சிரிப்பு ஓடியது.

"ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று கோவில் முழுவதும் பதில் சொன்னது. பீடத்தருகே நின்றிருந்த எடெல்மீராவும் சொன்னாள். அவள் குரல்தான் எப்போதும் முன்னால் போகும். மற்றவர்கள் அதைப் பிடித்துக்கொண்டு பின்னால் வருவார்கள்.

அந்தக் காப்பி மலைக்குப் பங்குச் சாமியார் இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் வருவார். மற்ற ஞாயிறுகளில் வழிபாட்டை நடத்துவது எடெல்மீரா. தாளில் எழுதியிருக்கும் மன்றாட்டுகளை அவள் வாசித்து முடித்ததும், யார் வேண்டுமானாலும் எழுந்து தங்கள் மனதில் உள்ளதைச் சொல்லலாம். ஒருத்திக்கு முழங்கால் வலி, ஒருவனுக்கு மழை. காசிமீரோவுக்கு மட்டும் மூன்று வருடமாக இந்த ஒன்றேதான்.

வழிபாடு முடிந்து வாசலில் பேச்சு அதைப் பற்றியே இருந்தது.

"ரொட்டிக்கார ப்ரூடென்சியாவுக்காகத்தான். வேற யாரு? பொண்டாட்டி போயி நாலு வருஷம் ஆச்சில்ல மனுஷனுக்கு."

"எழுபத்தஞ்சு வயசுல தூது போக ஆண்டவர்தான் கெடச்சாரா?"

"அவ சரின்னு சொல்ற வரைக்கும் நாமளும் கேட்டருளும், கேட்டருளும்னு கத்திக்கிட்டே இருக்கணுமாக்கும்."

எடெல்மீரா சிரிக்கவில்லை. அடுத்த மாதம் மறைமாவட்ட ஆயர் வருகிறார். அவர் முன்னாலும் இந்தக் கிழவர் எழுந்து நின்று, பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினால்?

காசிமீரோவைத் தனியே அழைத்தாள்.

"யாருக்காக வேண்டுறீங்க பெரியவரே?"

"ஆண்டவருக்குத் தெரியும் தாயி."

"அவருக்குத் தெரியும். பதில் சொல்ற எங்களுக்குத் தெரிய வேண்டாமா? பேரைச் சொல்லுங்க. இல்லேன்னா வீட்டுல உக்காந்து தனியா வேண்டிக்குங்க."

"வீட்லயும்தான் வேண்டுறேன். ஊரு கூடிக் கேட்டா அதுக்கு ஒரு பலம்னு..."

"ஊரு கூடிச் சிரிக்குது."

அவர் அவள் முகத்தை நிமிர்ந்து பார்த்தார்.

"நீயா நிறுத்தச் சொல்ற?"

"நான்தான் சொல்றேன். ப்ரூடென்சியாவுக்கும் ஒரு மானம் மரியாதை இருக்கில்ல?"

"ப்ரூடென்சியாவா?" காசிமீரோ தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார். "சரி தாயி. நீ சொன்னா சரி."

அடுத்த ஞாயிறு, தாளில் இருந்த கடைசி மன்றாட்டு முடிந்ததும், பழக்கத்தில் எல்லோரும் அவர் பக்கம் திரும்பினார்கள். முன்பெஞ்சைப் பிடித்துக்கொண்டு பாதி எழுந்தவர், எடெல்மீராவைப் பார்த்தார். மறுபடி உட்கார்ந்துவிட்டார். யாரும் சிரிக்கவில்லை. வழிபாடு ஒழுங்காக, சீக்கிரமாக முடிந்தது. முதல் தடவையாகத் தன் பேச்சுக்கு ஒரு மதிப்பு இருப்பதாக எடெல்மீராவுக்குத் தோன்றியது.

அதற்கடுத்த புதன்கிழமை, சர்க்கரை மாத்திரை வாங்கப் போவதாகப் பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டு, விடியும் முன் தலைநகரத்துக்குப் பஸ் ஏறினாள்.

அவள் மகன் ஒல்வின் வடக்கே பிழைக்கப் போயிருப்பதாகத்தான் ஊருக்குச் சொல்லியிருந்தாள். மாதம் ஒரு புதன் அவனைப் பார்க்கச் சிறைக்குப் போவது தன்னையும் பஸ் டிரைவரையும் தவிர வேறு யாருக்கும் தெரியாது என்பது அவள் நம்பிக்கை.

சோள ரொட்டியையும் பயற்றையும் ஒல்வின் வழித்துச் சாப்பிட்டான். முதல் வருடம் கொண்டுபோனதெல்லாம் தொடாமல் திரும்பி வரும். சுவரைப் பார்த்தபடியே உட்கார்ந்திருப்பான். ஒருமுறை கையைக் கிழித்துக்கொண்டும் கிடந்தான். அந்த வடு இப்போது வெளுத்துவிட்டது. எப்படி மாறினான் என்று அவள் கேட்டதில்லை. கேட்டால் கலைந்துவிடுமோ என்ற பயம்.

"ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டியே?" என்றான் ஒல்வின். "காசிமீரோ தாத்தா இங்க வருவாரும்மா. அவரு தங்கச்சி மகன் என் அறைலதான் இருக்கான்."

எடெல்மீரா பாத்திரத்தை மூடப் போன கையை அப்படியே வைத்திருந்தாள்.

"உன்கிட்ட சொல்லாதன்னார். 'அம்மா வெக்கப்படுவா, அதனால பேரைச் சொல்லாமலே கோவில்ல உனக்காக வேண்டிக்கிறேன்'னார். ஊரே பதில் சொல்லுதாமே. அதுல உன் குரல்தான் மொதல்ல வருமாம்."

அவள் பாத்திரத்தின் மூடியை அழுத்தி மூடினாள்.

"மொதல்ல நான் நம்பலம்மா. ஆனா அதுக்கப்புறம்தான் சோறு எறங்குச்சு."

காவலர் வந்து நேரமாகிவிட்டது என்றார். ஒல்வின் எழுந்து, அம்மாவின் முக்காட்டைச் சரிசெய்துவிட்டான்.

"ஞாயித்துக்கெழம ஒம்பதே முக்கால் ஆனா, நீங்க அங்க சொல்ற நேரம் பாத்து நானும் இங்க எந்திரிச்சு நின்னு பதில் சொல்லிடுவேன்" என்றான். "போன ஞாயிறும் சொன்னேம்மா."